பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஜனவரி மாதக் கடைசி வாரம் கொல்கத்தாப் பள்ளிகளுக்கு ஓய்வில்லாத வாரம். 23ஆம் தேதி நேதாஜி பிறந்தநாள், 26ஆம் தேதி குடியரசு நாள். சில ஆண்டுகளில் சரஸ்வதி பூஜையும் கூடவே வந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மறுநாள், 27ஆம் தேதி, உலகம் யூத இனப்படுகொலையை நினைவுகூர்கிறது. 1945ல் அன்றுதான் சோவியத் படை அவுஷ்விட்ஸ் முகாமுக்குள் நுழைந்தது. 2005ல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை நினைவு நாளாக அறிவித்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்தியே தலை நரைத்தவள் நான். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பணி ஓய்வுக்குப் பிறகும் ஜனவரியில் பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள். ‘நாசிசமும் ஹிட்லரின் எழுச்சியும்’ என்ற பாடத்தைப் படித்த பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப் போவது என் வேலை. பாடத்தில் எண்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் பேர், அவர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் யார், அவர்களைச் சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது அதற்குப் பிறகு கற்க வேண்டிய பாடம்.

வாஷிங்டனில், ஜெருசலேமில், ஆம்ஸ்டர்டாமில் இந்தப் பாடத்துக்கென்றே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கொல்கத்தாவில் அப்படி ஒரு கட்டடம் இல்லை. ஆனால் இந்த நகரத்தின் நான்கைந்து முகவரிகள் அந்தக் கதைக்குள் நேராகக் கொண்டுபோய் விடுகின்றன. கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் வாசகர்கள் காளி கோயிலையும் விக்டோரியா நினைவகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இவற்றையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜோராசாங்கோவும் வார்சாவும்

காளிகாட்டில் மெட்ரோ ஏறி கிரீஷ் பார்க்கில் இறங்கினால் ஜோராசாங்கோ தாகூர் இல்லம் நடக்கும் தூரம். சித்பூர் சாலையிலிருந்து துவாரகாநாத் தாகூர் சந்துக்குள் திரும்ப வேண்டும். ரவீந்திரநாத் பிறந்ததும், 1941 ஆகஸ்ட் 7 அன்று உயிர் நீத்ததும் இந்த வீட்டில்தான். திங்கட்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் அவர் இறந்த அறை வரை போய்ப் பார்க்கலாம். அந்த அறை வாசலில் பிள்ளைகளை உட்காரச் சொல்லி, ‘டாக் கர்’ நாடகத்தின் கதையை முதலில் சொல்வேன். தமிழில் ‘அஞ்சல் நிலையம்’ என்று சொல்லலாம். தாகூர் 1911ல் எழுதியது. 1917ல் இதே வளாகத்தின் விசித்ரா அரங்கில் அவரே வேடமேற்று நடித்தும் இருக்கிறார்.

அமல் என்ற அனாதைச் சிறுவனை மாதவ் என்பவர் எடுத்து வளர்க்கிறார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. வெளிக்காற்றும் வெயிலும் படவே கூடாது என்கிறார் வைத்தியர். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தயிர்க்காரர், காவல்காரர், பூப்பறிக்கப் போகும் சுதா என்று தெருவில் போகிற எல்லோரையும் அமல் சிநேகம் பிடித்துக்கொள்கிறான். எதிரே ராஜாவின் புதிய அஞ்சல் நிலையம் வருகிறது. ராஜா தனக்கு ஒரு கடிதம் எழுதுவார் என்று காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பிலேயே அவன் உறங்கிப்போவதோடு நாடகம் முடிகிறது.

வங்காளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். சிலர் பள்ளி விழாவில் சுதாவாக நடித்திருப்பார்கள். 1942 ஜூலை 18 அன்று வார்சா நகரத்து கெட்டோவில் இந்த நாடகம் அரங்கேறியது என்பது மட்டும் பெரும்பாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

கெட்டோ என்பது யூதர்களை மட்டும் அடைத்துவைத்த, சுவர் எழுப்பி மூடிய நகரப் பகுதி. 1940 நவம்பரில் வார்சா கெட்டோவின் வாசல்களை நாஜிகள் அடைத்தார்கள். உள்ளே 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள்; பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் பலர் செத்துக்கொண்டிருந்தார்கள். யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவர் அங்கே ஓர் அனாதை இல்லத்தை நடத்திவந்தார். ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட் என்பது அவருடைய இயற்பெயர். குழந்தைகளுக்கான கதைகளாலும் வானொலி உரைகளாலும் போலந்து முழுக்க அறியப்பட்டவர். 1912லிருந்து அவருடன் சேர்ந்து அந்த இல்லத்தைத் தாங்கியவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா. இல்லத்தையே கெட்டோவுக்குள் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தபோது, சுமார் 200 பிள்ளைகளோடு இருவரும் உள்ளே போனார்கள்.

அந்தப் பிள்ளைகள் நடிப்பதற்கு கோர்ச்சாக் தேர்ந்தெடுத்தது ‘டாக் கர்’. எஸ்தெர்கா வினோக்ரோன் என்ற இளம்பெண் நாடகத்தை இயக்கினார். வெளியே போகக் கூடாது என்று விதிக்கப்பட்ட சிறுவனின் கதையை, வெளியே போகவே முடியாத பிள்ளைகள் நடித்தார்கள். ஏன் இந்த நாடகம் என்று கேட்டவர்களிடம், மரணத்தை அமைதியாக ஏற்கப் பிள்ளைகள் பழக வேண்டும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன.

நான்கே நாட்களில், ஜூலை 22 அன்று, கெட்டோவைக் காலி செய்யும் வேலை தொடங்கியது. செப்டம்பருக்குள் சுமார் 2,65,000 பேரைச் சரக்கு ரயில்களில் ஏற்றி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அனாதை இல்லத்தின் முறை வந்தது. தப்பிப்பதற்கு கோர்ச்சாக்குக்குப் பலமுறை வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். அவரும் வில்ச்சின்ஸ்காவும் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு ரயிலடிக்குப் போனார்கள். அவர்களில் எவரும் உயிரோடு திரும்பவில்லை.

தாகூர் இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. சிராவண மாதம் 22ஆம் நாள் அவருடைய நினைவு நாள். அன்று இந்த வீட்டு முற்றத்தில் பாட்டும் பூவுமாக இருக்கும். முதலாம் ஆண்டு நினைவு நாளின் வாரத்தில்தான் அவருடைய அமலும் சுதாவும் ட்ரெப்ளிங்காவுக்குப் போனார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தாகூரின் படத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை ஜெர்மனியின் விஷயமாக இருந்தது அந்த நிமிடத்தில் தங்கள் ஊர் விஷயமாகிவிடும்.

ட்ரெப்ளிங்காவில் இன்று முகாம் இல்லை. தடயமே இல்லாமல் நாஜிகள் அதை அழித்துவிட்டார்கள். அந்த வெட்டவெளியில் 17,000 கற்களை நட்டிருக்கிறார்கள். பல கற்களில் ஊர்ப்பெயர்கள் உண்டு. தனிமனிதர் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்று: யானுஷ் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும்.

காலியாக விட்ட அறைகள்

1942 ஜூலை மாதத்தைப் பிள்ளைகள் நோட்டில் அடிக்கோடிட்டுக்கொள்ளச் சொல்வேன். வார்சாவில் நாடக ஒத்திகை நடந்த அதே மாதம் 6ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமில் 13 வயது ஆன் ஃபிராங்க் குடும்பத்தோடு தலைமறைவானாள். என் மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, பிரின்சன்கிராக்ட் கால்வாய்க்கரையில் 263ஆம் எண் வீட்டுக்குப் போனேன். 1960 மே 3 முதல் அது அருங்காட்சியகம். முன்கூட்டியே இணையத்தில் நேரம் குறித்து டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். படம் பிடிக்க அனுமதி இல்லை.

முன்கட்டில் ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க்கின் அலுவலகமும் கிடங்கும். ஜாம் செய்யப் பயன்படும் பெக்டின் விற்கிற கம்பெனி அவருடையது. பின்கட்டுக்குப் போகும் வழியை ஒரு புத்தக அலமாரி மறைத்திருக்கிறது. கதவு போலத் திறக்கும். அதைத் தாண்டிச் செங்குத்தான படியேறினால், எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த அறைகள். அறைகளில் ஒரு சாமான்கூட இல்லை. கைது செய்தபின் நாஜிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எட்டுப் பேரில் உயிர் பிழைத்த ஒரே ஒருவர் ஓட்டோ ஃபிராங்க். அந்த அறைகள் காலியாகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

சுவர்களில் மட்டும் சில அடையாளங்கள் மிச்சம். ஆன் ஒட்டிவைத்த சினிமா நட்சத்திரங்களின் படங்கள். நேச நாட்டுப் படைகள் எதுவரை வந்துவிட்டன என்று ஓட்டோ குறித்துவந்த நார்மண்டி வரைபடம். பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். எங்கள் வீட்டில் கதவு நிலையில் என் மகளுக்குப் போட்ட கோடுகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறிப் போகும். அங்கே 1944லேயே கோடுகள் நின்றுவிட்டன. ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரையும் பிடித்துவிட்டார்கள். 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில், காய்ச்சலில், 15 வயதில் ஆன் இறந்தாள்.

அந்த வீட்டில் என் மனத்தில் அதிகம் தங்கியவர் மீப் ஹீஸ் என்ற பெண்மணி. ஓட்டோவின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவரும் சக ஊழியர்கள் சிலரும் சேர்ந்து ரேஷன் அட்டை தேடி, காய்கறி வாங்கி, நூலகப் புத்தகம் சுமந்து எட்டு உயிர்களைக் காத்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஆனின் நாட்குறிப்பைத் தரையிலிருந்து பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்தியவரும் மீப்தான்.

ஆன் ஃபிராங்க் இல்லத்தார் தங்கள் கண்காட்சியைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ‘ஆன் ஃபிராங்க்: இன்றைக்கான ஒரு வரலாறு’ என்பது அதன் பெயர். இந்தியாவில் அதைச் சுற்றுக்குக் கொண்டுவந்தது கொல்கத்தாவின் சீகல் கலை அறக்கட்டளையின் பீஸ்வொர்க்ஸ் பிரிவு. படங்களும் குறிப்புகளும் கொண்ட தட்டிகள்தான் கண்காட்சி. அதன் சிறப்பு, விளக்கம் சொல்பவர்கள் பெரியவர்கள் அல்ல என்பது. பள்ளி மாணவர்களுக்கே பயிற்சி கொடுத்து, மற்ற மாணவர்களுக்கு அவர்களையே வழிகாட்டிகளாக நிறுத்துகிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணின் கதையை இன்னொரு பதினான்கு வயதுப் பெண் சொல்லும்போது கேட்கிற பிள்ளை நோட்டில் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு எதிர்க்கேள்வி கேட்கிறது. ஆசிரியராக நான் பல ஆண்டு முயன்றும் வகுப்பில் கிடைக்காத கேள்விகள் அவை.

ஒவ்வொரு படியிலும் ஒரு கை

காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடைகளில் ஹிட்லரின் சுயசரிதை இன்றும் விற்கிறது. முன்னேற்றப் புத்தகங்களுக்கு நடுவில் அடுக்கி வைத்திருப்பார்கள். கண்டிப்பான தலைமை ஆசிரியருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைப்பது நம் ஊரிலும் உண்டு. நாடு ஒழுங்காக வேண்டுமென்றால் அப்படி ஒருவர் வர வேண்டும் என்று ரயிலில், திருமண வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆகவே ஹிட்லர் என்ற ஒரு மனிதரைப் பற்றி நான் குறைவாகத்தான் பேசுவேன். அவருடைய உத்தரவுகள் எத்தனை பேருடைய கை வழியாகப் போயின என்பதை விரிவாகப் பேசுவேன்.

கொலைமுகாம்கள் முதல் நாளே வந்துவிடவில்லை. 1933 ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கடை வாசலில் சீருடைக்காரர்கள் நின்றார்கள். ஒரு வாரத்தில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. யூதருக்கும் மற்ற ஜெர்மானியருக்கும் இடையே திருமணத்தைத் தடைசெய்தன. 1938 நவம்பர் 9 இரவு தொழுகைக்கூடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள். அதே மாதம் யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளில் படிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டியதாயிற்று. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே பகுதியில் உயர் அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர் அனைவரையும் கொல்லும் வேலையைத் துறைகளுக்கிடையே ஒழுங்குபடுத்தினார்கள்.

ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதக் கை இருந்தது. படிவத்தை அச்சடித்தவர், பதிவேட்டில் பெயரெழுதிய குமாஸ்தா, ரயில் அட்டவணை போட்டவர். “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று அந்தப் பிள்ளைகளிடம் ஒரு தலைமை ஆசிரியர்தான் சொல்லியிருக்க வேண்டும். என் தொழிலைச் செய்தவர் அவர். அந்த வகுப்பில் மிச்சமிருந்த பிள்ளைகள் காலி பெஞ்சைப் பார்த்திருப்பார்கள். சிலர் வருத்தப்பட்டிருப்பார்கள், சிலர் முன்வரிசை கிடைத்தது என்று போய் உட்கார்ந்திருப்பார்கள்.

நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேல், நால்வரில் மூவர், கொல்லப்பட்டார்கள். பதிவேடுகள் துல்லியமாக இருந்ததும், அலுவலர்கள் சொன்னதைச் செய்ததும் அதற்கு முக்கியமான காரணங்கள். டென்மார்க்கில் 1943 அக்டோபரில் கைது நடக்கப்போகிறது என்ற செய்தி கசிந்தது. அக்கம்பக்கத்தவர்களும் மருத்துவர்களும் மீனவர்களும் சேர்ந்து 7,000க்கும் மேற்பட்டவர்களைப் படகேற்றி ஸ்வீடனுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே ஜெர்மன் படையின் பிடியில் இருந்த நாடுகள். சூழ்நிலையில் வேறுபாடுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் செய்வதாலோ செய்யாததாலோ எத்தனை உயிர் போகும், எத்தனை உயிர் தங்கும் என்பதைப் பிள்ளைகள் இந்த இரண்டு நாடுகளை வைத்தே புரிந்துகொள்கிறார்கள்.

கேனிங் தெருவின் கோபுரம்

கொல்கத்தாவின் பெரிய மொத்த வியாபாரச் சந்தடி ப்ராபோர்ன் சாலையும் கேனிங் தெருவும் சேருமிடத்தில் இருக்கிறது. கைப்பை, பிளாஸ்டிக் சாமான், கவரிங் நகைக் கடைகள். கூலிகள் தலைச்சுமையோடு இடித்துக்கொண்டு போவார்கள். கடைகளுக்குப் பின்னால் செங்கல் நிறத்தில் ஒரு கோபுரம் எழும்பியிருக்கும். மாதா கோயில் என்று நினைப்பவர்கள் பலர். அது மகென் டேவிட் என்ற யூதத் தொழுகைக்கூடம். எலியாஸ் டேவிட் எஸ்ரா தன் தந்தையின் நினைவாக 1884ல் கட்டியது. அடையாள அட்டை காட்டி உள்ளே போகலாம். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள், அன்று போக வேண்டாம். உள்ளே கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் தரையும், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும், நட்சத்திரங்கள் பதித்த நீல விதானமும் இருக்கின்றன. பக்கத்திலேயே நேவே ஷாலோம். சற்றுத் தள்ளி போலாக் தெருவில் 1856ல் எழுந்த பெத் எல்.

கொல்கத்தாவின் யூதர்கள் பெரும்பாலும் பாக்தாத், அலெப்போ பக்கமிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1798ல் வந்த ஷாலோம் கோஹன் முதல்வர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்து, அவர்கள் 5,000 பேர் அளவில் இருந்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவர்கள் முப்பதுக்கும் குறைவு. இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். யாரும் துரத்தியதால் போகவில்லை. நல்வாழ்வும் உறவும் தேடிப் போனவர்கள். 1902ல் தொடங்கி, இன்று நியூ மார்க்கெட்டில் இருக்கும் நஹூம்ஸ் கேக் கடைக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் நிற்கும் வரிசையில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள்.

இந்தத் தொழுகைக்கூடங்களைத் தலைமுறைகளாகக் காத்துவருபவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தினர். விளக்கைத் துடைத்து, பெஞ்சைத் தூசிதட்டி, வருபவர்களுக்குக் குல்லாய் எடுத்துக்கொடுப்பவர்கள் அவர்கள். 1881ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிக்கும் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வருகிற பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. மஞ்சள் நட்சத்திரப் பாடத்துக்குப் பிறகு இந்தக் கூடத்தின் நடுவில் நின்றால், அக்கம்பக்கம் என்பது எப்படியெல்லாம் இருக்கலாம் என்று அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

இந்தச் சமூகத்தில் பிறந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். நாஜிகள் யூதர்களுக்குச் செய்யும் கொடுமைகளைக் கேள்விப்பட்டே அன்றைய இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் முடிவில், டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதிக்குப் பேச்சு நடத்தியவரும் அவர்தான். ஐரோப்பாவின் ஒரு படுகொலைக்காகச் சீருடை அணிந்தவர், வங்காளத்தின் இன்னொரு படுகொலை முடிவுக்கு வரும்போது அங்கே நின்றார்.

நேதாஜியைப் பற்றிய கேள்வி

எல்ஜின் சாலையில் நேதாஜி பவனுக்குப் போகாமல் இந்தச் சுற்று முடியாது. 1941 ஜனவரியில் போலீஸ் காவலை ஏமாற்றி அவர் தப்பிச் சென்ற கார் அங்கே நிற்கிறது. அங்கே ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது மெதுவாக என் பக்கம் வந்து கேட்கும்: “மிஸ், நேதாஜி ஹிட்லரைப் பார்த்தாரே?”

பார்த்தார். 1942 மே 29 அன்று. வார்சாவில் ‘டாக் கர்’ அரங்கேறுவதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பு. கொல்கத்தாவில் இதைச் சொல்வதற்கு மனத்திடம் வேண்டும். மறைப்பது ஆசிரியருக்கு அழகில்லை. 1936லேயே ஜெர்மனியின் இனச்செருக்கைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் சுபாஷ் சந்திர போஸ். இந்திய விடுதலைக்கு உதவி தேடியே பெர்லினுக்குப் போனார். அவருடைய தியாகத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. தன் மக்களின் விடுதலைக்காக ஒருவர் யாரிடமெல்லாம் கைகொடுக்கலாம், அந்தக் கையால் சாகிறவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது என்ற கேள்வியையும் அதே மரியாதையோடு பிள்ளைகள் முன் வைக்கிறேன். அவர்கள் சண்டையே போடுவார்கள். வரலாறு படிப்பது அதற்காகத்தான்.

அந்தச் சண்டையின் நடுவே சாந்திநிகேதனின் ஒரு கதையையும் சொல்வேன். அலெக்ஸ் ஆரன்சன் என்ற ஜெர்மானிய யூத அறிஞர் 1937ல் அங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்தார். போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அவரைப் ‘பகை நாட்டவர்’ என்று சிறைவைத்தது. எந்த நாஜிகளுக்குத் தப்பி வந்தாரோ அவர்களுடைய நாட்டவர் என்ற காரணத்தால் இங்கே சிறை. தள்ளாத வயதில் தாகூர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி அவரை வெளியே கொண்டுவந்தார். ஒரு கடிதம் எழுதுவது நம்மில் எவராலும் முடியும்.

1943க்கு ஓர் இடம்

இதையெல்லாம் பார்த்து முடித்தபின், எங்கள் தெருவுக்கே திரும்பி வந்து ஒன்று சொல்வேன். ஆன் ஒளிந்திருந்த அதே காலத்தில், 1943ல், கொல்கத்தாவின் நடைபாதைகளில் கிராமத்து மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். சோறு கேட்கக்கூடத் தெம்பில்லாமல் வீட்டு வாசல்களில் வடிகஞ்சி கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழ் படங்களை வெளியிடும்வரை அரசு வாய்மூடி இருந்தது. ஓவியர் சித்தபிரசாத் மேதினிபூர் பகுதியைச் சுற்றி வரைந்து வெளியிட்ட ‘பசித்த வங்காளம்’ நூலைக் கைப்பற்றி அழித்தார்கள். அரசு விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள்.

யூத இனப்படுகொலையையும் இந்தப் பஞ்சத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. ஒன்று, ஓர் இனத்தையே அழிக்கத் திட்டமிட்டு நடத்திய கொலை. மற்றொன்றில் போர்க்கால முடிவுகளும், விலையேற்றமும், பதுக்கலும், ஆட்சியாளர்களின் அலட்சியமும் சேர்ந்து மக்களைக் கொன்றன. காரணங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது கல்வியின் ஒரு பகுதி. ஆனால் நினைவுகூரும் கடமை இரண்டுக்கும் உண்டு. ட்ரெப்ளிங்காவில் கல் நட்டிருக்கிறார்கள், ஆம்ஸ்டர்டாமில் காலி அறையைக் காக்கிறார்கள். முப்பது லட்சம் பேர் வரை இறந்த பஞ்சத்துக்கு இந்த நகரத்தில் ஓர் அருங்காட்சியகம் இல்லை, ஒரு பொது நினைவுச் சின்னம் இல்லை.

இதைக் குறையாகச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டுக் களத்தில் நெல் அளந்து கூலி கொடுப்பார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, எங்களுக்கு வெகு தூரமில்லாத கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நான் அப்போது பள்ளிச் சிறுமி. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பிய பிறகுதான் நான் வெண்மணிக்குப் போய், நினைவிடத்தில் பொறித்திருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

அதன்பின் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வேலையும் மாறிவிட்டது. வீட்டில் மூத்தவர்களிடம் போய், 1943ல் நம் வீட்டு வாசலில் என்ன நடந்தது, வீட்டிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்கிறேன். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதை அப்பாக்கள் சொல்கிறார்கள். கஞ்சி ஊற்றியவர்கள் உண்டு, கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு, அரிசியைப் பதுக்கியவர்கள் உண்டு. மூன்று வகையையும் பிள்ளைகள் மறைக்காமல் எழுதுகிறார்கள். அந்தத் தாள்கள் என் அலமாரியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 1943க்கு கொல்கத்தாவில் ஓர் அருங்காட்சியகம் எழ வேண்டும், அதில் இந்தத் தாள்களுக்கு ஓர் அறை வேண்டும். இறந்தவர்களின் பெயர்களை இனித் திரட்ட முடியாமல் போகலாம். சுற்றி இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையாவது இன்னும் கேட்டுப் பதிந்துவிடலாம். அதற்கும் நமக்கு அதிக ஆண்டுகள் இல்லை.